பார்லர், பரோல், பார்லிமென்ட்

எங்கள் தெருவில் பார்லர் என்றால் ஒன்றுதான்: புருவம் திருத்துகிற இடம். ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் 'ஐஸ்கிரீம் பார்லர்' என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும். பால் வேண்டுமென்றால் 'ஆவின் பார்லர்'. வெறும் பார்லர் என்றால், கல்யாணப் பெண்ணும் அவளுடைய சித்தி மகள்களும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் இடம்தான். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று செய்தித்தாளைப் பிரித்தால், பரோலில் வந்த கைதி தலைமறைவு என்று ஒரு மூலையில் இருக்கும். அடுத்த பக்கத்தில் பார்லிமென்ட் அமளியால் ஒத்திவைக்கப்பட்டிருக்கும். பார்லர் நடத்தும் அக்காவின் மகள் பிளஸ் டூ படித்தால், அவளுடைய கணக்குப் புத்தகத்தில் பரவளையம், அதாவது பாரபோலா, இருக்கும்.

இந்த நான்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய் கிரேக்கத்துக்காரி. ஆனால் குடும்பம் இன்றும் கலகலப்பாக வாழும் வீடு இத்தாலிய மொழியில் இருக்கிறது. அந்த வீட்டின் பெயர் 'பர்லாரே'. பேசுதல் என்று பொருள்.

இத்தாலியன் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யும் வினைச்சொல் இது. பார்லோ, நான் பேசுகிறேன். பார்லி, நீ பேசுகிறாய். பார்லா, அவன் பேசுகிறான். 'ஆரே' என்று முடியும் ஆயிரக்கணக்கான வினைகளுக்கு இதுதான் வாய்ப்பாடு. தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இத்தாலியனில் பேசுவதற்குப் பர்லாரே, சொல்வதற்குத் 'தீரே' என்று இரண்டு தனி வினைகள். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் பேச்சுக்கு நான்கு வினைகளை வைத்துக்கொண்டு எது எதற்கு என்று தடுமாறுவார்கள். நமக்குப் 'பேசு', 'சொல்லு' இரண்டும் ஏறக்குறைய அதே எல்லைக்கோட்டில் பிரிகின்றன. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கும். நாம் பொய் சொல்லவும் செய்வோம், பொய் பேசவும் செய்வோம். இத்தாலியன் பொய்யைச் சொல்லத்தான் முடியும், பேச முடியாது. உண்மையும் அப்படியே. பர்லாரே தன்னோடு நேரடியாகச் சேர்த்துக்கொள்வது மொழியின் பெயரை மட்டும்தான். இத்தாலியன் பேசலாம், தமிழ் பேசலாம். மற்ற எதுவானாலும் அதை'ப் பற்றி'த்தான் பேச வேண்டும்.

அகராதியை விட்டுத் தெருவுக்கு வந்தால் வினை உடனே நிறம் மாறுகிறது. 'நொன் சே நே பார்லா' என்பார்கள். அதைப் பற்றிப் பேசப்படுவதில்லை என்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தால் சவசவ என்றிருக்கும். 'பேச்சுக்கே இடமில்லை' என்று மேசையைத் தட்டிச் சொல்லிப் பாருங்கள், அதுதான் அது. சுவரோடு பேசுதல் அவர்களுக்கும் உண்டு. காற்றோடு பேசுதலும் உண்டு. ஊர்வம்பு இல்லாத வெற்றுப் பேச்சுக்கு 'கூடுதலையும் குறைவையும் பற்றிப் பேசுவது' என்று பெயர். தயவுதாட்சண்யம் இல்லாமல் முகத்துக்கு நேரே பேசினால் 'பல்லுக்கு வெளியே பேசினான்' என்பார்கள். புரியாமல் பேசுகிறவன் அரபி பேசுகிறான், அல்லது துருக்கி பேசுகிறான், அல்லது ஆஸ்ட்ரோகோத் பேசுகிறான். இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்ட்ரோகோத்துகள் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வடகிழக்கிலிருந்து வந்து இத்தாலியை ஆண்டவர்கள். ஆட்சி ஓர் அறுபது ஆண்டுதான். அவர்கள் மொழி செத்து எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் வருமான வரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இத்தாலியன், 'இது என்ன ஆஸ்ட்ரோகோத்தா?' என்று இன்றும் எரிச்சல்படலாம். தோற்றவன் பேச்சை மறந்த பிறகும் கேலியை மறக்கவில்லை.

'பார்லா கோமே மாஞ்சி' என்று இன்னொன்று. சாப்பிடுகிற மாதிரி பேசு. மேடைத் தமிழில் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கிற ஆளிடம் நாம் என்ன சொல்ல நினைப்போமோ அது. சாப்பாட்டில் யாரும் வேஷம் போட முடியாது, பசித்தால் கை நேராக வாய்க்குப் போகும். பேச்சும் அப்படி வரட்டும் என்பது இதன் உட்கிடை. சமையலை இவ்வளவு மதிக்கிற ஒரு நாடு பேச்சுக்கு இலக்கணமாகச் சாப்பாட்டைக் காட்டுவதில் வியப்பில்லை.

வினைக்கு முன்னால் ஓர் 'ஸ்' சேர்த்து 'ஸ்பர்லாரே' என்றால் புறம் பேசுதல். 'ஸ்த்ரா' சேர்த்தால் காய்ச்சலில் பிதற்றுதல். பின்னால் 'ஸி' சேர்த்து 'பர்லார்ஸி' என்றால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளுதல். எதிர்மறையில் சொன்னால் நம் ஊர் வழக்கேதான்: அந்த இரண்டு அண்ணன் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பேச்சுவழக்கில், குறிப்பாகத் தெற்கில், 'அவர்கள் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்கிறார்கள்' என்று ஒரு பையனையும் பெண்ணையும் பற்றிச் சொன்னால் அது காதல். வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் காதல். நாம் 'பெண் பேசுவது' பெரியவர்கள் வேலை. அவர்கள் 'பேசிக்கொள்வது' சின்னவர்கள் வேலை.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'பர' என்றால் பக்கத்தில். 'பாலெயின்' என்றால் எறிதல், போடுதல். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது 'பரபொலே'. ஒப்பீடு, உவமை. அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் இதை வாதத்தின் ஒரு கருவியாக வைக்கிறார். ஆட்சியாளரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கலாமா? அப்படியானால் விளையாட்டு வீரனையும் சீட்டுக் குலுக்கியே தேர்ந்தெடுக்கலாமே! பக்கத்தில் ஒன்றைப் போட்டதும் முதலாவது தானாக இளிக்கிறது. சாக்ரடீஸ் பாணி ஒப்பீட்டுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு இது.

பாலெயினுக்குப் பிள்ளைகள் அதிகம். குறுக்கே எறிகிறவன், அதாவது இருவருக்கு நடுவில் பழியைத் தூக்கிப் போடுகிறவன், 'தியாபொலோஸ்'. அவன்தான் இத்தாலியனில் 'தியாவொலோ', சாத்தான். ஆக, பேசுதலும் பிசாசும் பெரியப்பா சித்தப்பா மக்கள். இதை நான் ஒரு கருத்தாகச் சொல்லவில்லை, சொற்பிறப்பாகத்தான் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கூம்பை வெட்டினால் கிடைக்கும் மூன்று வளைகோடுகளுக்குப் பெர்கா ஊர் அப்பொலோனியஸ் பெயர் வைத்தார். ஒரு பரப்பை ஒரு கோட்டின் பக்கத்தில் வைத்துப் பொருத்தும்போது சரியாகப் பொருந்தினால் பரபொலே, குறைந்தால் எல்லிப்சிஸ், மிஞ்சினால் ஹைப்பர்பொலே. நம் பாடநூலில் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம். அந்தப் 'பரவளைய'த்தின் முதலில் நிற்கும் 'பர' கிரேக்கப் 'பர'வின் எதிரொலிபோல என் காதில் விழுவதுண்டு. பிறகு கலிலியோ வந்தார். எறிந்த கல் பரவளையப் பாதையில்தான் போகும் என்று காட்டிய அவருடைய நூல் 1638-ல் லெய்டனில் அச்சானது. உரையாடல்களை லத்தீனில் எழுதாமல் இத்தாலியனில் எழுதினார். மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதுபோல. எறிதல் என்ற வேரிலிருந்து வந்த பெயர் கடைசியில் எறிபொருளின் பாதைக்கே பொருந்திப்போனது தற்செயல். பெயர் வைத்தவர் மனத்தில் கல்லும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட தற்செயல்களுக்காகத்தானே சொல்லாராய்ச்சி என்ற வேலைவெட்டி இல்லாத வேலையைச் செய்கிறோம்.

கணக்கை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போக வேண்டும். பேச்சுக்கான கதவு அங்கேதான் இருக்கிறது.

எபிரேயத்தில் 'மாஷால்' என்று ஒரு சொல். பழமொழி, உவமை, விடுகதை, ஞானவாக்கு எல்லாவற்றுக்கும் அது பொது. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்குப் பரபொலே என்று போட்டார்கள். பின்னால் இயேசு விதைப்பவனையும், காணாமற்போன ஆட்டையும், ஊதாரி மகனையும் கொண்டு சொன்ன கதைகளுக்கும் அதுவே பெயரானது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் லத்தீன் விவிலியத்தை உருவாக்கியபோது சொல்லை மாற்றவில்லை, 'பரபொலா' என்று அப்படியே வைத்துக்கொண்டார். அதில் ஓர் இடம் கவனிக்க வேண்டியது. எண்ணாகமத்தில் பிலேயாம் என்ற குறிசொல்லி மலைமேல் நின்று பேசத் தொடங்கும்போதெல்லாம், அவன் தன் பரபொலாவை எடுத்துச் சொன்னான் என்று வருகிறது. அவன் சொன்னது உவமையும் அல்ல, கதையும் அல்ல. நீண்ட ஒரு பேச்சு. உவமை என்ற சொல் மெல்ல நழுவிப் பேச்சு என்ற இடத்தில் உட்காருவதை அங்கேயே பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பரபொலாவைக் கேட்ட மக்கள் வாயில் 'பரபொலாரே' என்று ஒரு வினை முளைத்தது. முதலில் உவமை சொல்லுதல், பிறகு கதை சொல்லுதல், பிறகு வெறுமனே பேசுதல். வாயில் புரண்டு புரண்டு அது தேய்ந்தது. பரபொலாரே, பரவுலாரே, பர்லாரே. பெயர்ச்சொல்லும் அதே வழியில் தேய்ந்து 'பரோலா' ஆயிற்று. இத்தாலியனில் இன்று 'சொல்' என்பதற்கு அதுதான் சொல். கட்டலான்காரர்கள் பாதி வழியில் நின்று இன்னும் 'பரவுலா' என்கிறார்கள். ஸ்பெயின்காரர்கள் ரகரத்தையும் லகரத்தையும் இடம் மாற்றிப் 'பலாப்ரா' என்றார்கள். குதிரையைக் 'குருதை' என்கிற வாய் நமக்கும் உண்டு.

ஆனால் லத்தீனில் பேசுவதற்கு ஏற்கெனவே வினை இல்லாமலா இருந்தது? இருந்தது. 'லொக்வி'. சொல் என்பதற்கு 'வெர்பும்'. இரண்டும் ராஜாங்கச் சொற்கள். இரண்டும் எப்படிப் போயின என்பதற்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு.

லொக்வியைக் கொன்றது இலக்கணம். அதன் உருவம் செயப்பாட்டுவினை, பொருளோ செய்வினை. பள்ளிக்கூடம் போகாத ரோமானியனுக்கு இது வேண்டாத தொல்லை; இப்படிப்பட்ட வினைகளை அவன் ஒவ்வொன்றாகக் கைகழுவினான். படித்தவர்களின் சொற்களில் மட்டும் லொக்வியின் சாம்பல் ஒட்டியிருக்கிறது. இத்தாலியனில் நேர்முகத் தேர்வுக்குக் 'கொல்லோக்வியோ' என்பது அதில் ஒன்று. நமக்கும் இது புதிதல்ல. 'செப்பு' தமிழ்ப் பேச்சில் எங்கே இருக்கிறது? தொல்காப்பியத்தில் இருக்கிறது. உயிரோடு பார்க்க வேண்டுமானால் ஆந்திரத்துக்குப் போக வேண்டும். 'பறைதல்' நமக்கு மேளமாகச் சுருங்கிவிட்டது, மலையாளி அதில்தான் நாள் முழுக்கப் பேசுகிறான்.

லொக்விக்கும் முந்தைய ஒரு வினை 'ஃபாரி'. அதுவும் பேசுதல்தான். பேசாதது 'இன்ஃபன்ஸ்', கைக்குழந்தை. அந்தக் குழந்தை இத்தாலியனில் வளர்ந்து 'ஃபந்தே' ஆகி, இளைஞன், வேலைக்காரப் பையன், கடைசியில் காலாள் வீரன் என்றாயிற்று. காலாட்படைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'இன்ஃபன்ட்ரி' என்ற பெயர் இந்த வழியில் வந்ததுதான். பேசத் தெரியாதவர்களின் படை. தளபதிகளுக்கு இதைவிட வசதியான சொற்பிறப்பு கிடைக்காது.

வெர்பும் கதை வேறு. அதைக் கொன்றது பக்தி என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் கிரேக்க 'லோகோஸ்' லத்தீனில் வெர்பும் ஆயிற்று. கடவுளோடு இருந்ததும் கடவுளாகவே இருந்ததும் அது. அதன்பின் சந்தையில் நின்று, 'ஒரு வெர்பும் சொல்லிவிட்டுப் போ' என்று எப்படிக் கேட்பது? சாமி பெயரை எருமைக்கு வைப்பதுபோல் ஆகிவிடும். அதனால் ஜனங்கள் அதைப் பூசையறையில் வைத்துவிட்டு, கைக்கு எட்டிய பரபொலாவை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூசையறைப் பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஓர் அடையாளம்: 1519-ல் எராஸ்மஸ் என்ற அறிஞர் தம் புதிய லத்தீன் மொழிபெயர்ப்பில் வெர்பும் என்ற இடத்தில் 'செர்மோ', அதாவது பேச்சு, உரையாடல், என்று போட்டார். பெரும் கூச்சல் எழுந்தது. பழைய லத்தீன் கிறித்தவர்கள் செர்மோ என்றே எழுதியிருந்தார்கள் என்று அவர் ஆதாரம் காட்டியும் கூச்சல் அடங்கவில்லை.

பக்தி ஒன்றே காரணம் என்று நான் நம்பவில்லை. தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் கத்தோலிக்கர் 'வாக்கு' என்கிறார்கள், சீர்திருத்தச் சபையார் 'வார்த்தை' என்கிறார்கள். அதற்காக எந்தக் கிறித்தவக் கிராமத்திலும் 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று அங்கலாய்ப்பதை யாரும் நிறுத்திவிடவில்லை. சொற்கள் புனிதத்தால் மட்டும் சாவதில்லை. பக்கத்தில் இன்னும் சுவையான சொல் ஒன்று காத்திருந்தால்தான் சாகும். பரபொலாவுக்குள் ஒரு கதை இருந்தது. வெர்புமுக்குள் என்ன இருந்தது, இலக்கணம்தானே? இன்றைய இத்தாலியனில் 'வெர்போ' என்றால் வினைச்சொல். பர்லாரே ஒரு வெர்போ. மருமகள் மாமியாரின் அடுக்களைக்கு வந்து, மாமியாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

கதைதான் வென்றது என்பதற்கு இன்னொரு சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. ரோமப் பேரரசின் ஓரங்களில், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும், பரபொலாரே பேசும் வினையாகவில்லை. அங்கே வென்றது 'ஃபாபுலாரி'. 'ஃபாபுலா' என்றால் கட்டுக்கதை, நாடகக் கதை. அதுதான் ஸ்பானிய 'ஆப்லார்', போர்த்துக்கீசிய 'ஃபலார்'. சார்டினியாத் தீவிலும் வடகிழக்கு மூலையிலுள்ள ஃப்ரியுலியிலும் இன்னும் அந்தக் குடும்பத்து வினையில்தான் பேசுகிறார்கள். ஆக லத்தீன் செத்தபோது அதன் மக்கள் பேசுவதற்குத் தேடிய சொல் இரண்டும் கதைகள். ஒரு பக்கம் கோயில் கதை, ஒரு பக்கம் கூத்துக் கதை.

இதைப் படித்ததும் எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை, கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'அவரோட கதைச்சனான்' என்றால் அவரோடு பேசினேன். தமிழ்நாட்டுக்காரன் முதன்முதலில் கேட்கும்போது சிரிப்பான். ஏனென்றால் அவன் ஊரில் கதை விடுவார்கள், கதை அளப்பார்கள், கதை கட்டுவார்கள், மூன்றும் பொய். வடமொழிக் 'கதா' பாக்கு நீரிணையின் ஒரு கரையில் பேச்சாகவும் மறு கரையில் புளுகாகவும் ஒதுங்கியது. ரோமாபுரிக்காரனும் வல்வெட்டித்துறைக்காரனும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

பரபொலா என்ற முழு உருவமும் இத்தாலியனில் சாகவில்லை. புத்தகம் வழியாக இரண்டாம் முறை உள்ளே வந்தது. வாய்வழி வந்தது பரோலா, ஏட்டுவழி வந்தது பரபொலா. நம் வண்ணமும் வர்ணமும் மாதிரி. இன்று ஓர் இத்தாலியனிடம் பரபொலா என்றால் மூன்று நினைவு வரும். இயேசுவின் கதை, கணக்கு வளைகோடு, மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனா. கேபிள் இல்லாத வீட்டில் உலகம் முழுக்கப் பேசுவது அந்தப் பரபொலா வழியாகத்தான்.

இனி, பேச்சுக்கு இடம் ஒதுக்கிய கதை. மடங்களில் மௌனம் விதி. ஆனால் அம்மா பார்க்க வந்தால்? வெள்ளாமை விற்கிறவன் வந்தால்? அதற்காக ஓர் அறை. இத்தாலியனில் 'பர்லதோரியோ', பிரெஞ்சில் 'பர்லுவார்'. கன்னிமடமானால் நடுவில் கம்பி அடைப்பும் இருக்கும். ஆங்கிலேயர்கள் அதைப் பார்லர் ஆக்கி மடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்; விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் முன்னறை. பிறகு கடைக்காரர்கள் அந்த மரியாதையைக் கடன் வாங்கினார்கள். அப்படித்தான் அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பேச்சு குறைவின்றி நடக்கிறது. முகத்தில் கடலைமாவோ வேறெதுவோ அப்பியிருக்கும் பத்து நிமிடம் மட்டும் மடத்து மௌனம்.

இத்தாலியில் பர்லதோரியோ சிறைக்கும் போனது. கைதியைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் அறை. ஆனால் பரோல் இத்தாலியனிலிருந்து நேரே வரவில்லை. பிரெஞ்சு 'பரோல்', மானத்தின் மேல் கொடுத்த வாக்கு. பிடிபட்ட படை அதிகாரி மீண்டும் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அந்த வாக்குதான் பரோல். தப்பி ஓடாமல் திரும்பி வருவேன் என்று சொல்லி வெளியே வருகிற நம் கைதி, தெரியாமலே ஒரு பிரபுவின் சொல்லைக் கையில் வைத்திருக்கிறான். இத்தாலியச் சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டது. அங்கே 'பரோலா தோர்தினே' என்றால் காவல்காரனிடம் சொல்ல வேண்டிய ரகசியச் சொல். கொள்கை முழக்கத்துக்கும் அதுவே பெயர்.

பர்லமெந்தோ, அதாவது பார்லிமென்ட், இவற்றில் மிக வேடிக்கையானது. ஃபிளாரன்ஸ் நகரக் குடியரசில் அது கட்டடம் அல்ல, நிகழ்ச்சி. அரண்மனைக் கோபுரத்தில் ஒரு பெரிய மணி. அடித்தால் மாடு கத்துவதுபோல் இருக்கும் என்பதால் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'லா வாக்கா', பசு. பசு கத்தினால் ஆண்களெல்லாம் சதுக்கத்துக்கு வர வேண்டும். வந்தால் சந்துமுனைகளில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நிற்பார்கள். ஆட்சியாளர்கள் மேடையில் தோன்றி, மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஸி, ஸி! நகரத்தைச் சீர்திருத்த ஒரு குழுவுக்கு முழு அதிகாரம் தருகிறீர்களா? ஸி, ஸி! ஆமாம் சாமி, ஆமாம் சாமி. கூட்டம் முடிந்தது. பேச்சு என்று பெயர் வைத்த மன்றத்தில் மக்கள் பேசியது ஒரே ஓர் எழுத்து. இத்தாலிய மொழியை 'ஸி' என்று சொல்கிறவர்களின் மொழி என்று தாந்தே அடையாளம் காட்டியிருந்தார். அவர் நினைத்தது இதை அல்ல. 1434-ல் மெதிச்சி என்ற செல்வாக்குள்ள குடும்பத்தின் கோசிமோ நாடுகடத்தலிலிருந்து திரும்பியது இப்படிப்பட்ட ஒரு பர்லமெந்தோவின் துணையால். அந்தக் குடும்பம் துரத்தப்பட்ட பின் சவனரோலா என்ற துறவி பர்லமெந்தோ கூடவே கூடாது என்று பிரசங்கம் செய்து, 1495-ல் சட்டம் போட்டு ஒழிக்க வைத்தார். 1512-ல் மெதிச்சிகள் திரும்பி வந்தபோது முதல் வேலையாகப் பசுவைக் கத்த வைத்தார்கள்.

பேச வேண்டியவர்கள் பேசாத ஊரில் கல் பேசும். ரோமில் நவோனா சதுக்கத்துக்கு அருகே மூக்குடைந்த, கையில்லாத ஒரு பழைய சிலை. பெயர் பஸ்க்வீனோ. 1501-ல் கராஃபா என்ற கர்தினால் அதை அங்கே நிறுத்தினார். போப்பையும் கர்தினால்களையும் நையாண்டி செய்யும் பாட்டுகளை ராத்திரியில் யாரோ எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவார்கள். விடிந்ததும் ஊரே வந்து படிக்கும். எழுதியது யார்? பஸ்க்வீனோதான். ஆறாம் ஏட்ரியன் என்ற போப் அதைத் தூக்கி டைபர் ஆற்றில் எறியச் சொன்னதாகவும், எறிந்தால் தவளையாகிக் கத்தும் என்று ஒருவர் தடுத்ததாகவும் கதை. இப்படி ரோமில் ஆறு சிலைகள் உண்டு. 'ஸ்தாத்துவே பர்லாந்தி', பேசும் சிலைகள். மைக்கலாஞ்சலோவின் மோசே மட்டும் பேசாத சிலை. அவ்வளவு உயிரோடு செதுக்கிவிட்டு, 'ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?' என்று சுத்தியலால் முழங்காலில் ஓங்கி அடித்தாராம். வழிகாட்டிகள் அந்தக் கீறலைக் காட்டுவார்கள். நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம்.

முசோலினி காலத்துக் கடைகளில் ஒரு பலகை தொங்கும்: இங்கே அரசியல் பேசப்படுவதில்லை, இங்கே வேலை நடக்கிறது என்று. நம் டீக்கடைகளிலும் சலூன்களிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்' பார்த்திருக்கிறோம். எழுத்து ஏறக்குறைய ஒன்று, பயம் வேறு. நம் கடைக்காரர் கண்ணாடி டம்ளர் உடையும் என்று பயந்தார்.

யார் பேசுவது என்பது ஒருபுறம். எதில் பேசுவது? 1861-ல் இத்தாலி ஒரே நாடானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று மொழியியலாளர் துல்லியோ தெ மாவ்ரோ கணக்கிட்டார். அது மிகக் குறைவு, பத்துக்கு அருகே இருக்கும் என்று வாதிட்டவர்களும் உண்டு. எப்படியானாலும், ஒரு நாட்டுக்குப் பெயர் கொடுத்த மொழியை அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் பேசவில்லை. வெனிஸ்காரன் வெனிஸ் பேச்சும், நேப்பிள்ஸ்காரன் நேப்பிள்ஸ் பேச்சும் பேசினான். 1954-ல் தொடங்கிய தொலைக்காட்சி செய்த வேலையைப் பள்ளிக்கூடங்கள் தொண்ணூறு ஆண்டுகளில் முடிக்கவில்லை. 1960-லிருந்து ஆல்பெர்த்தோ மன்சி என்ற ஆசிரியர் திரையில் கரித்துண்டால் படம் வரைந்தபடி, எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார். ஊர்ச் சாராயக் கடையில் ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பாட்டன்மார்கள் நாட்டின் மொழியைக் கற்றார்கள்.

சிசிலியில் பர்லாரே கிடையாது. 'பர்ராரி'. லகரத்தை ரகரம் விழுங்கிவிட்டது. 1130-ல் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் பலேர்மோவில் கூட்டிய அவையை உலகின் மிகப் பழைய பார்லிமென்ட்களில் ஒன்று என்று சிசிலியர்கள் மார்தட்டுவார்கள். இன்றும் தீவின் சட்டமன்றம் கூடுவது நார்மன் மன்னர்களின் அரண்மனையில்தான். ஆனால் அதே பலேர்மோவில் அந்த வினை இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஆளைக் கொல்லும் வினையாக இருந்தது. 'பேசிவிட்டான்' என்றால் போலீசிடம் வாய் திறந்துவிட்டான். மாஃபியாவின் முதல் சட்டம் வாயை மூடிக்கொள்வது. 1984-ல் தொம்மாஸோ புஷெத்தா என்ற பெரிய கை, நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே முன்னால் உட்கார்ந்து பேசினான். வாரக்கணக்கில் பேசினான். ஃபல்கோனே தம் கையால் எழுதிக்கொண்டார். அந்தப் பேச்சிலிருந்து எழுந்ததுதான் 1986 பிப்ரவரியில் தொடங்கிய மாபெரும் வழக்கு. அந்த வழக்குக்காகவே உச்சார்தோனே சிறைக்குப் பக்கத்தில் குண்டு துளைக்காத நீதிமன்றம் ஒன்று கட்டினார்கள். நானூற்று எழுபதுக்கும் மேற்பட்டோர் குற்றம்சாட்டப்பட்டார்கள். 1992 மே 23 அன்று ஃபல்கோனே சென்ற நெடுஞ்சாலையையே வெடிவைத்துப் பெயர்த்தார்கள். அவரும் அவர் மனைவியும் காவலர் மூவரும் இறந்தார்கள். அகராதியில் பர்லாரேயின் பொருள் எண் எத்தனையோ அடியில் 'குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல், காட்டிக்கொடுத்தல்' என்று இரண்டு சொல்லில் இருப்பது இதைத்தான்.

அந்தப் பலேர்மோவில் இன்று தமிழ் கேட்கிறது. இலங்கையிலிருந்து, பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து, போய்க் குடியேறியவர்கள். 1624-ல் ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காத்தவள் என்று சிசிலியர் கும்பிடும் சாந்தா ரோசலியாவின் குகைக்கோயில், ஊருக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. தமிழர்கள், கத்தோலிக்கரும் சைவரும், அந்த மலையேறிப் போய் அவளுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பர்லாரே, தெருவில் பர்ராரி, வீட்டில் கதைக்கிறது. ஒன்று உவமையிலிருந்து வந்தது, ஒன்று கதையிலிருந்து வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை.

இத்தாலியில் தொலைபேசியை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. 'ப்ரோந்தோ' என்பார்கள், தயார் என்று. எண் தெரியாததாக இருந்தால் அடுத்த கேள்வி, 'கி பார்லா?' யார் பேசுவது? பலேர்மோ வீடொன்றில் மணி அடிக்கிறது. பேரப்பிள்ளை எடுத்தால் அதைத்தான் கேட்பான். அம்மம்மா எடுத்தால்,

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"